ரோஸ் நிறப் பிளாஸ்மா

பெருங்குடல் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராயும் குழுவில் நான் சேர்ந்த புதிது. எனக்குக் கொடுத்த வேலை மிர்-92ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டை, அளப்பது. மொத்தமே ஏறக்குறைய 22 எழுத்து நீளம். ஆனால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் சிதையாமல் கிடக்கும். இந்த நோய் உள்ளவர்களிடம் அது கூடுதலாக இருக்கிறது என்று 2009-இலேயே கட்டுரை வந்துவிட்டது.

தேடும் துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். சோதனையின் முடிவு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நோயாளிகளின் சாம்பிள்கள் சராசரியாக மூன்று சுற்று முன்னாடியே ஏறியிருந்தன; முன்னாடி ஏறினால் அதிகம் இருக்கிறது என்று அர்த்தம். சுற்றுக்கு இரண்டு மடங்கு என்றால், எட்டு மடங்கு! ஓடிப்போய் சீனியர் அக்காவிடம் காட்டினேன். அவர் வரைபடத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "மிச்ச பிளாஸ்மா இருக்கா? எடுத்துட்டு வா" என்றார்.

குழாய்களை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்தோம். ஆரோக்கியமானவர்களுடையது வைக்கோல் நிறம். நோயாளிகளுடையதில் பாதிக்கு மேல் லேசான ரோஸ்.

ரோஸ் என்றால் சிவப்பணு உடைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள்ளோ மிர்-92ஏ ஏராளம். ஆரோக்கியமானவர்கள் எல்லாம் எங்கள் கட்டடத்து ஆட்கள். அரை மணி நேரத்தில் ரத்தம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அணுக்களிலிருந்து பிளாஸ்மா பிரிந்திருக்கும். நோயாளிகளுடையது வார்டிலிருந்து வந்து சேரவே மணிக்கணக்காகும். அந்த எட்டு மடங்கில் கட்டியின் பங்கு எவ்வளவு, காத்திருந்த நேரத்தின் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

"செல்-மிர்-39 சேர்த்துத்தானே சரிசெய்தேன்" என்று வாதாடிப் பார்த்தேன். அது ஒரு புழுவின் மைக்ரோ ஆர்.என்.ஏ.; ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரே அளவு சேர்ப்போம். 1993-இல் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. கிடைத்ததும் அதே புழுவில்தான். 2024-இல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் வாங்கிக் கொடுத்த புழு. பிரித்தெடுக்கும்போது என் கையில் நடக்கும் சேதாரத்தை அது காட்டிக் கொடுக்கும். அதற்கு முன்னாடியே நடந்துவிட்டதற்கு அது என்ன செய்யும், பாவம்.

லேசான உடைசல் கண்ணுக்கே தெரியாது. அதனால் எல்லாக் குழாயையும் 414 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, உடைந்த சிவப்பணுவிலிருந்து கசியும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தோம். அப்புறம் சிவப்பணுவில் நிறைந்திருக்கும் மிர்-451-ஐயும், உடைசலால் அவ்வளவாக மாறாத மிர்-23ஏ-வையும் ஒப்பிட்டோம். இடைவெளி ஏழு சுற்றுக்கு மேல் போன குழாயெல்லாம் வெளியே. மிஞ்சியவற்றில் என் மூன்று சுற்று, ஒரு சுற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்த ஒன்றுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க இப்போது மறுபடி ரத்தம் சேகரிக்கிறோம். சென்ட்ரிஃபியூஜை வார்டுக்குப் பக்கத்து அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டோம்.