ஜெர்மனியில் இருந்தபடி இந்தியக் கம்பெனி வேலை: எனக்கு நடந்தது

கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து நானும் குடும்ப விசாவில் கிளம்பியபோது, இந்தியாவில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட மனம் வரவில்லை. ஏற்கெனவே வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்த வேலைதான். "லேப்டாப் எங்கே இருந்தால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சொல்லாத ஆள் இல்லை. தெரியாமல் போகலாம்தான். ஆனால் முகவரியைப் பதிவு செய்து, கணவரோடு சேர்த்து வரிக்கணக்கும் கொடுக்கிற ஊரில், மாதாமாதம் வரும் சம்பளத்தை எத்தனை வருடம் மறைப்பது? முறையாகவே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

விசாதான் பெரிய தலைவலி என்று நினைத்திருந்தேன். கடைசியில் அதுதான் சுலபம். குடும்பத்தோடு சேர வருபவர்களின் தங்கும் அனுமதி அட்டையில் "எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாப்ட்" (சம்பாதிக்கும் வேலைக்கு அனுமதி உண்டு) என்று ஒரு வரி இருக்கும். யாரிடமும் வேலைக்குச் சேரலாம், சொந்தமாகவும் தொழில் செய்யலாம். முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்ற கேள்வியே அதில் இல்லை. சுற்றுலா ஷெங்கன் விசாவில் வருபவர்களுக்கு இது பொருந்தாது. என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த வகைதான், அதனால் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது வரி. "183 நாள் தாண்டாவிட்டால் வரி கிடையாது" என்று எல்லோரும் சொல்வார்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அது, குடியிருப்பு இந்தியாவிலேயே இருக்க, வேலையாக வந்து போகிறவர்களுக்கானது. நான் வீடு எடுத்துக் குடியேறிவிட்டேன். அப்படிப்பட்டவருக்கு நாள் கணக்கே கிடையாது. உட்கார்ந்து வேலை செய்வது ஜெர்மனியில் என்றால் அந்தச் சம்பளத்துக்கு வரியும் ஜெர்மனியில்தான். பணம் எந்த வங்கிக்கு வருகிறது என்பது இதை மாற்றாது.

இதற்கு மேல்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. அதுவும் அரசு அலுவலகத்தில் இல்லை, என் கம்பெனியின் எச்.ஆரிடம்.

முதலில் அவர்கள் சொன்ன வழி: "உங்களை நாங்கள் அனுப்பிவைத்ததாகக் காட்டிவிடலாம், பி.எஃப். இங்கேயே தொடரட்டும்." இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, பி.எஃப். நிறுவனம் சான்றிதழ் கொடுத்தால் அங்கே ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டாம். ஆனால் அது கம்பெனி தன் வேலைக்காக அனுப்பும் ஆட்களுக்கு. நான் போனது கணவருக்காக, விசாவிலும் அப்படியே எழுதியிருக்கிறது. மறுத்துவிட்டேன்.

அப்புறம், "வேலையை ராஜினாமா செய்யுங்கள், ஃப்ரீலான்சராக பில் போடுங்கள்" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒரே வாடிக்கையாளர், அவர்கள் கொடுத்த லேப்டாப், தினமும் காலை மீட்டிங், லீவுக்கு மேலாளரின் அனுமதி. ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகம் இதைப் பார்த்தால் போலி சுயதொழில், அதாவது ஊழியரையே ஃப்ரீலான்சர் என்று காட்டுவது, என்றுதான் சொல்லும். அதுவரை கட்டாமல் விட்ட காப்பீட்டுச் சந்தா முழுவதும் கம்பெனி தலையில் விழும். இதை எழுதி அனுப்பியதும் அந்த யோசனையை அவர்களே கைவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி: ஜெர்மனியில் அலுவலகம் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு ஊழியர் இருப்பதாகக் கம்பெனி பதிவு செய்துகொள்வது. வேலைவாய்ப்பு முகமையிடம் ஒரு நிறுவன எண் வாங்க வேண்டும். மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வழியாகச் சந்தா கட்ட வேண்டும். ஓய்வூதியத்துக்கு மட்டும் 18.6 சதவீதம், பொதுவாகப் பாதி கம்பெனி, பாதி ஊழியர். மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் கம்பெனி பங்கே சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடுகிறது. சம்பளக் கணக்கு பார்க்கும் அங்குள்ள ஒரு பே-ரோல் ஏஜென்சி இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டது.

கம்பெனி ஆடிட்டருக்கு வேறு பயம். என் வீட்டையே கம்பெனியின் நிரந்தரக் கிளை என்று சொல்லி லாபத்துக்கு வரி கேட்டால்? கம்பெனி பெயரில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மாட்டேன், வாடிக்கையாளரிடம் பேரம் பேச மாட்டேன், வீட்டு முகவரியைக் கம்பெனி முகவரியாகக் காட்ட மாட்டேன் என்று வேலை ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம். புரோகிராம் எழுதுகிற எனக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் யாருமே யோசிக்காத ஒன்று வந்தது. ஏஜென்சி என் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, "இது மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டது. மாதம் 1,20,000 ரூபாய். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 1,200 யூரோ. 2025இல் அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. வாரம் 40 மணி நேரத்துக்கு மாதம் ஏறக்குறைய 2,222 யூரோ வர வேண்டும். முதலாளி வெளிநாட்டில் இருந்தாலும் ஜெர்மனியில் வேலை செய்பவருக்கு இதுதான் சட்டம். ஊரில் நல்ல சம்பளம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இங்கே சட்டவிரோதச் சம்பளம்!

இரண்டு வாய்ப்புதான்: சம்பளத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குவது, இல்லை நேரத்தைக் குறைப்பது. மேலாளர் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வாரம் 20 மணி நேரம், அதே 1,200 யூரோ என்று முடிவானது. எனக்கு இது நல்லதாகவே போயிற்று. ஜெர்மன் வகுப்புக்கு நேரம் கிடைத்தது. குளிர்காலத்தில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால் இருப்பதால், காலையில் தொடங்கினால் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது என் வேலையும் முடிந்துவிடும்.

இந்தியப் பக்கம் வேலை குறைவு. சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினேன். சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிப்பதை நிறுத்தச் சொன்னேன். சம்பளம் யூரோவிலேயே நேராக ஜெர்மன் கணக்குக்கு வரட்டும் என்று ஆடிட்டர் கறாராகச் சொன்னார். வெளிநாட்டில் செய்த வேலையானாலும் பணம் முதலில் இந்தியாவில் கைக்கு வந்தால், அதைக் காரணம் காட்டியே இந்தியாவிலும் வரி கேட்க இடமிருக்கிறதாம்.

ஜெர்மன் வருமான வரியைக் கம்பெனி பிடிக்க வேண்டியதில்லை, அங்கே அவர்களுக்கு அலுவலகமே இல்லையே. நான்தான் கட்டுகிறேன். முதல் வருடக் கணக்கைக் கொடுத்ததும் வரி அலுவலகம் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் முன்பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. கணவருக்கு வருடா வருடம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்த வரிப்பணமும் இதில் கரைந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

2026 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலி 13.90 யூரோ ஆனது. என் சம்பளம் மணிக்குச் சில சென்ட் குறைவாக வருகிறது என்று ஏஜென்சி கம்பெனிக்கு எழுதியது. எச்.ஆர். மறுபேச்சில்லாமல் ஏற்றிக் கொடுத்தார்கள். மாதம் ஐந்து யூரோ.