சின்ன ரிப்பேருக்கும் அதே பெரிய ஃபைலா?

அமெரிக்கால ஹைவே பாலங்களுக்கு ரிப்பேர் டிசைன் பண்றது என் பொழப்பு. பழைய பாலம்னு சொன்னாலே டீம்ல எல்லாரும் "போச்சுடா, 106"ன்னு தலைல கை வெப்பாங்க. 1966ல வந்த பாரம்பரிய பாதுகாப்பு சட்டத்தோட செக்ஷன் 106 அது. ஃபெடரல், அதாவது மத்திய அரசு பணம் வாங்கி செய்ற வேலை பழமையான கட்டுமானத்த பாதிக்குமான்னு முன்கூட்டியே பார்த்து, மாநில பாரம்பரிய ஆபீஸ்ல கருத்து கேக்கணும், அந்த ஆபீஸ நாங்க ஷிப்போன்னுதான் சொல்லுவோம். அவங்களுக்கு 30 நாள் டைம். கேக்க கம்மியாதான் இருக்கு, ஆனா எல்லா பேப்பரும் சரியா போய் சேந்த அன்னைலேந்துதான் கணக்கு, நாலு போட்டோ குறையுதுன்னு ஃபைல் திரும்புனா மறுபடி முதல்லேந்து.

இதுல என்ன வயித்தெரிச்சல்னா, 1920கள்ல கட்டுன ஒரு இரும்பு ட்ரஸ் பாலம் (முக்கோணம் முக்கோணமா சட்டம் கோத்து கட்டுனது), மேல தண்ணி வடியுற ஓட்டை முழுக்க மண்ணும் புறா எச்சமும் அடைச்சு, குளிர்காலத்துல ரோட்ல போடற உப்பு கரைஞ்ச தண்ணி நேரா கீழ ஜாயிண்ட் பிளேட் மேல கொட்டி, துரு தாள் தாளா உரிஞ்சு கைல வருது. அத சுத்தம் பண்ணி ஒரு குழாய நீட்டி விடணும், அவ்ளோதான். அதுக்கும் அதே வரிசை, பாலத்தையே இடிக்கப்போறோம்னாலும் அதே வரிசை. பாலத்த காப்பாத்த வந்த சட்டத்துக்கு காத்திருந்தே பாலம் இன்னொரு குளிர்காலம் உப்புத்தண்ணில நிக்கும்.

இதுக்கு வழி சட்டத்துலயே இருக்கு. ஃபெடரல் ஹைவே நிர்வாகம், மாநில போக்குவரத்து துறை, ஷிப்போ எல்லாரும் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். பாலத்துக்கு பாதிப்பில்லாத சின்ன வேலைங்கள அதுல லிஸ்ட் போட்டுட்டா, அந்த வேலைய துறைல இருக்கற தகுதியான வரலாற்று நிபுணரே பார்த்து ஓகே பண்ணிடலாம், வருஷா வருஷம் ஷிப்போக்கு கணக்கு குடுத்தா போதும். 1945க்கு அப்புறம் ஒரே மாதிரி கட்டி தள்ளுன சாதாரண கான்கிரீட், ஸ்டீல் பாலங்களுக்கு 2012லயே நாடு முழுக்க பொதுவா ஒரு சலுகை வந்துடுச்சு, பெரும்பாலானத தனித்தனியா அலச வேண்டாம்.

ஆனா லிஸ்ட் எழுதறப்பதான் சண்டையே. எஞ்சினியர்ங்க நாங்க செலவ வெச்சு பிரிச்சோம், கம்மி காசுன்னா சின்ன வேலை. எங்க நிபுணர் அம்மா ஒத்துக்கவே இல்ல. கல் வளைவு பாலத்துல இடுக்கு பூசறது ரொம்ப சீப், ஆனா சுண்ணாம்பு கலவை இருந்த இடத்துல கெட்டி சிமெண்ட்ட அப்புனா தண்ணி இடுக்கு வழியா வெளிய வர வழியில்லாம கல்லுக்குள்ளயே தங்கி, உறைஞ்சு, கல்லோட முகத்தையே பேத்துடும். அதே நேரம் தார் ரோட்ட சுரண்டிட்டு புதுசா போடறது லட்சக்கணக்கான டாலர், பாலத்தோட அழகுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. அந்தம்மா சொன்னதுதான் சரி.

அதனால வேலை பேரோட கண்டிஷனும் சேந்துச்சு. இடுக்கு பூசலாம், கலவை பழசோட ஒத்துப்போகணும். ரிவெட்ட (இரும்ப இணைக்கற உருண்டை தலை பழைய ஆணி) மாத்தலாம், வெளிய தெரியற இடத்துல உருண்டை தலை போல்ட் போடணும். எழுத்துல இப்படி இருந்தா கான்ட்ராக்டரும் டெண்டர்லயே விலை போட்டுடறான், பாதி வேலைல வந்து எக்ஸ்ட்ரா கேக்கறதில்ல.

பாலத்தோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற தடுப்பு கைப்பிடிய மட்டும் லிஸ்ட்ல சேக்கல. பழைய டிசைன் இன்னைக்கு கார் மோதுற டெஸ்ட்ல தேறாது, புதுசு வெச்சா பாலத்தோட முகமே மாறிடும். அது ஒவ்வொண்ணும் இன்னமும் முழு ரிவ்யூக்குதான் போகுது, டீம்ல பாதி பேருக்கு அதுல கடுப்பு, எனக்கு இல்ல.