இரண்டு மணி நேரத்துக்குப் பின் தெரியவரும் பழுது

இணையக் கடையில் வாங்கிய ஒரு வீடியோ கேம் நமக்குப் பிடிக்காமல் போவது வேறு, அது ஒழுங்காக ஓடாமல் போவது வேறு. ஆனால் பெரும்பாலான கடைகளின் ரீஃபண்ட் விதிகள் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கின்றன. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஏறக்குறைய எந்தக் காரணத்துக்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த இந்த விதி வாங்குவோருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், ஒரு கேம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் இரண்டு மணி நேரம் போதுமே தவிர, அதன் பழுதுகளைக் கண்டுபிடிக்கப் போதாது.

பழுது தொடக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நினைவகத்தை விடுவிக்காமல் மேலும் மேலும் பிடித்துக்கொண்டே போகும் ஒரு கேம் முதல் ஒரு மணி நேரம் சீராக ஓடிவிட்டு, அதன் பிறகே திணறத் தொடங்கும். கதையின் நடுப்பகுதியில் திறக்க வேண்டிய கதவு திறக்காமல் போகலாம். பல நாள் உழைப்பைத் தாங்கிய சேவ் ஃபைல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு படிக்க முடியாததாகிவிடலாம். இதற்கிடையே, முதல்முறை திறக்கும்போது ஷேடர்கள் எனப்படும் காட்சி வரையும் சிறு நிரல்கள் தயாராகும் நேரம், கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் மென்பொருள் திறந்து கிடந்த நேரம், கிராஷ் ஆனபின் அமைப்புகளை மாற்றி மாற்றிச் சோதித்த நேரம் ஆகியவையும் பல கேம்களில் விளையாடிய நேரமாகவே கணக்கில் ஏறிவிடுகின்றன. கோளாறைச் சரிசெய்யப் பொறுமையாக முயன்றவரின் உரிமைதான் முதலில் காலாவதியாகிறது; இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமும் இப்படிப் பார்ப்பதில்லை என்பதற்கு ஆஸ்திரேலியா தெளிவான சான்று. அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது 2014இல் வழக்குத் தொடுத்தது. தங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் பொருந்தாது என்ற வால்வின் வாதத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. ரீஃபண்ட் கிடையாது என்று சொல்லி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020இல் இதே போன்ற காரணங்களுக்காகச் சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டோரை நடத்தும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு அங்கே 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. டவுன்லோட் செய்துவிட்டார் என்பதாலோ 14 நாட்கள் கடந்துவிட்டன என்பதாலோ பழுதான பொருளை வாங்கியவரின் உரிமை மறைந்துவிடாது என்பதே இவற்றின் சாரம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் டிஜிட்டல் பொருட்கள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே முதலில் பழுதுநீக்கம், அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு என்பது வரிசை.

பழுது ஊரறிந்ததாகிவிட்டால் கடைகளே வரம்புகளைத் தளர்த்துகின்றன. 2015 ஜூனில் வெளியான ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கேமின் கணினிப் பதிப்பு சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது, அக்டோபர் இறுதியில் திரும்பி வந்தபோதும் கோளாறுகள் தீராததால், எவ்வளவு நேரம் விளையாடியிருந்தாலும் அந்த ஆண்டு முடியும்வரை பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ கேமைச் சோனி ஒரே வாரத்தில் தன் கடையிலிருந்து நீக்கி, கேட்டவர்களுக்கு முழுத் தொகையையும் தந்தது. 2021 ஜூன் வரை அது அங்கே விற்பனைக்கு வரவில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்ததால் நடந்தவை இவை. தன் கணினியில் மட்டும் தோன்றும் ஒரு கோளாறோடு தனியாகப் போராடுபவருக்கு, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள் என்ற பதில்தான் வருகிறது.

எனக்கும் அத்தகைய பதில் வந்ததுண்டு. நீண்ட கதை கொண்ட ஒரு கேமில் சேவ் ஃபைல் பாதியில் கெட்டுப்போனபோது, நான் விளையாடிய நேரத்தை மட்டும் சுட்டிக்காட்டிக் கடை மறுத்துவிட்டது. பிழைச் செய்தியின் படம், கேம் கோரும் குறைந்தபட்சத் தகுதிகளையும் என் கணினியின் விவரங்களையும் அருகருகே வைத்த குறிப்பு, அந்தக் கோளாறு இருப்பதை உருவாக்குநர்களே ஒப்புக்கொண்ட அப்டேட் அறிவிப்பு ஆகியவற்றை இணைத்து மறுபடியும் எழுதிய பிறகே பணம் வந்தது. ஆகவே கோரிக்கையில் ஏமாற்றத்தைவிடப் பழுதை முன்னிறுத்துங்கள்: எது ஓடவில்லை, எந்த இடத்தில் நிற்கிறது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சுருக்கமாக எழுதினாலே போதும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இது இன்னும் முக்கியம். ஏனெனில் டவுன்லோட் தொடங்கிவிட்டால், பழுது இருந்தாலொழிய அங்கே பொதுவாகப் பணம் திரும்பாது. 2020 முதல் விளையாடிய பிறகும் 30 நாட்கள் அவகாசம் தரும் ஜிஓஜி என்ற மற்றொரு கேம் கடையின் விதி இவை எல்லாவற்றையும்விட நேர்மையானதாக எனக்குத் தோன்றுகிறது.

பழுதைச் சரிசெய்யும் பேட்ச் வருகிறது, பொறுத்திருங்கள் என்ற அறிவிப்பை நம்பி 14 நாட்களைக் கடத்திவிடாதீர்கள். இப்போது பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கேம் சரியான பிறகு மீண்டும் வாங்குவதில் உருவாக்குநருக்கு எந்த அநீதியும் இல்லை. கடைக்குச் செலுத்திய கட்டணத்தை வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெறுவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடை உங்கள் கணக்கை முடக்கினால், அதுவரை வாங்கிச் சேர்த்த மற்ற கேம்களையும் திறக்க முடியாமல் போகலாம்.