பூசணிக்கொடி தொய்ந்த நாட்கள்

ஜூன் 3

மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தோட்டத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் குடை மாதிரி விரிந்திருந்த பூசணி இலைகள், மூன்று கொடியிலும் ஈரத்துணி போலத் தொங்கின. கை தானாக வாளிக்குப் போனது. ஊற்றும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன். உள்ளே நல்ல ஈரம். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்தால் எல்லா இலையும் நிமிர்ந்திருந்தது. பூசணி இலை அகலமானது. உச்சி வெயிலில் இலை வழியாகப் போகிற அளவுக்கு வேரால் நீரை உறிஞ்சித் தர முடிவதில்லை. அந்த நேரத்துத் தொய்வு நோய் இல்லை. இது தெரியாமல், போன பருவத்தில் தினமும் இரண்டு வேளை ஊற்றி ஒரு கொடியின் வேரையே அழுகவிட்டேன். அழுகிய வேர் தண்ணீரை எடுக்காது. செடியும் தாகத்தில் வாடுகிற மாதிரியே வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

ஜூன் 4

வைக்கோல் மூடாக்கு போட்டேன், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.

ஜூன் 11

காலை ஆறு மணி, வெயிலே வரவில்லை. நடுக்கொடி மட்டும் தொய்ந்து கிடக்கிறது. ராத்திரிக் குளிர்ச்சியிலும் எழாத கொடி என்றால் நீர் ஏறுகிற வழியில் ஏதோ கோளாறு. மண்டியிட்டு அடித்தண்டைத் தடவிப் பார்த்தேன். மண்ணுக்கு நாலு விரல் மேலே ஒரு சின்ன ஓட்டை. அதன் வாயில் ஈர மரத்தூள் மாதிரி மஞ்சள் குருணை. தண்டு துளைக்கும் புழுவின் எச்சம் அது. புழு தண்டுக்குள் இருப்பதால் வெளியே மருந்து தெளித்தாலும் அதன் மேல் படாது.

பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஓட்டையிலிருந்து மேல்நோக்கி நெடுக்காகக் கீறினேன். குறுக்கே வெட்டவே கூடாது. நீர் ஏறும் குழாய்கள் நெடுக்கில் ஓடுகின்றன. நெடுக்கே கீறினால் பெரும்பாலும் அறுபடாமல் தப்பிக்கும். உள்ளே பழுப்புக் கூழ். அதற்குள் வெள்ளையாக, கொழுகொழுவென்று, தலை மட்டும் பழுப்பாக ஒரு புழு, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம். எடுத்த பிறகும் கீறலை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே குச்சியால் விலக்கினேன், இன்னொன்று இருந்தது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் கொடி போயிருக்கும்.

கீறலைச் சேர்த்து ஈரமண்ணை மேலே குவித்தேன். அதைத் தாண்டி இரண்டு கணுக்களையும் மண்ணால் மூடினேன். மண் பட்ட கணுவில் பூசணி புது வேர் விடும். அடித்தண்டு கைவிட்டாலும் அந்த வேர்கள் தாங்கும்.

ஜூன் 13

இன்னும் எழவில்லை. பாரம் குறையட்டும் என்று இரண்டு பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டேன். மனசு வரவில்லை, ஆனாலும் செய்தேன். மத்தியானம் மட்டும் ஒரு வெள்ளைத் துணியை நிழலுக்குக் கட்டுகிறேன். மூடிய மண் காயாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 19

மற்ற இரண்டு கொடிகளின் அடித்தண்டையும் தினமும் பார்க்கிறேன். இன்று முதல் கொடியில் ஐந்து முட்டை: தட்டையாக, பழுப்பாக, கடுகை விடச் சிறிதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. குளவி மாதிரித் தோற்றத்தில் பகலிலேயே பறக்கும் அந்துப்பூச்சி இட்டவை. ஒன்றரை வாரத்துக்குள் பொரித்துத் தண்டைத் துளைத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். கீறி எடுப்பதை விட இது எவ்வளவு சுலபம்! செடி சின்னதாக இருக்கும்போதே வலை போட்டு மூடியிருக்கலாம். ஆனால் பெண் பூ விரியத் தொடங்கியதும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வராது, காய் பிடிக்காது.

ஜூன் 24

மூன்றாவது கொடி. முந்தாநாள் ஒரு கிளை தொய்ந்தது, இன்று முழுக்கொடியும். ஓட்டை இல்லை, எச்சம் இல்லை. ஒரு தண்டை வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளையும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, மெதுவாகப் பிரித்தேன். நடுவே சிலந்தி நூல் மாதிரிப் பிசுபிசுப்பாக இழுபட்டது. பாக்டீரியா வாடல். நீர்க்குழாய்களை அடைத்துவிடும். மருந்து கிடையாது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சிறு வண்டுகள் இலையைக் கடிக்கும்போது பரப்புகிற நோய் இது. இரண்டு வாரம் முன்பு அந்த வண்டுகளைப் பார்த்தும் பொறுக்கிப் போடாமல் விட்டேன்.

வேரோடு பிடுங்கினேன். உதறிப் பார்த்தேன். நூற்புழு இருந்தால் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும், அது இல்லை. அழுகலும் இல்லை. இவ்வளவு நல்ல வேர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உர குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். முதல் கொடியில் இப்போதைக்கு வண்டு இல்லை. விடிந்ததும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 2

நடுக்கொடி நிமிர்ந்துவிட்டது. அடித்தண்டின் கீறல் தழும்பாகக் காய்ந்திருக்கிறது. மூடிய கணு ஒன்றில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்கள். உடனே மூடித் தண்ணீர் விட்டேன். நுனிப் பக்கம் ஒரு பெண் பூ விரிந்திருந்தது, உள்ளே இரண்டு தேனீ.