நாளைக்கு நான் வர வேணாமா?

களையெடுக்கக் கூலிக்கு வந்த அந்த அக்கா இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இத்தனை நாள் உறுத்தியிருக்காது. தூக்குவாளியில் மிச்சமிருந்த கூழைக் கரைத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். அதற்கு முன்னால் கேட்டது, "உனக்கு எவ்ளோ தர்றாரு பாப்பா?"

"காசு வாங்கலக்கா. மண்ணுல வேலை செஞ்சா மனசு அமைதியா இருக்கு. சும்மா கூட வந்து செய்யறேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

போன வருடம் பள்ளி விடுமுறையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் இயற்கை விவசாயியின் நிலத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, முதல் களை. உரச் செலவு, மருந்துச் செலவு இல்லாமல் செய்துவிடலாம், களைச் செலவிலிருந்து மட்டும் தப்ப முடியாது. களைக்கொல்லி அடிக்காதவர் ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் தள்ளிப்போட முடியாது. விதைத்த 40, 45 நாளுக்குள் கடைசிக் களையும் எடுத்து மண்ணை அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கும் காலம், செடியை அசைத்தால் காய் போய்விடும். காலை 8 மணியிலிருந்து 2 மணி வரை பெண்களுக்கு 250 ரூபாய் கூலி. எனக்குச் சாப்பாடும் தங்க இடமும்.

களைக்கொட்டைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரே அந்த அக்காதான். நான் கோரையை மேலோடு இழுத்துவிட்டு முன்னால் போய்விடுவேன். கிழங்கு உள்ளேயே நின்றுவிடும், ஒரு வாரத்தில் திரும்ப முளைத்து நிற்கும். என் வரிசையில் பின்னாலேயே வந்து கிழங்கோடு தோண்டி எடுத்துப் போடுவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் செய்தது அரை ஆள் வேலைகூட இல்லை. அப்படியிருக்க என்னால் அவர் வேலை எப்படிப் போகும் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன். "அப்படியெல்லாம் இல்லக்கா, நீங்க வாங்க" என்றேன். வரச் சொல்ல நான் யார்?

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிலத்துக்காரரிடம் கேட்டேன். "மீதி கொஞ்சம்தான் டீச்சர், நம்ம ஆளுங்களே பாத்துக்கலாம்" என்றார். அந்த நம்ம ஆளுங்களில் நானும், என்னைப் போலவே வந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் இருந்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வந்திருக்காவிட்டால், கூலி கட்டுப்படியாகாமல் என்றாவது ஒருநாள் அவரும் மருந்தடிக்கப் போயிருப்பார். சுற்றி இருக்கும் எத்தனையோ நிலங்களில் பெண்களின் களை வேலையை எடுத்துக்கொண்டது அந்த மருந்துதானே. இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நான் அங்கே இன்னும் 9 நாள் இருந்தேன். "அந்த அக்காவைக் கூப்பிடுங்கள், நான் கிளம்புகிறேன்" என்று சொல்ல 9 நாள் இருந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நாட்களில்தான் எனக்கு உள்ளே ஏதோ அடங்கியது. விடிகாலையில் குனிந்து உட்கார்ந்து, ஒரு செடி, அடுத்த செடி என்று போகும்போது, இத்தனை வருடம் கண்ணை மூடி உட்கார்ந்தும் கிடைக்காதது கிடைத்தது. அது பொய்யில்லை. இன்றும் அதை மறுக்க என்னால் முடியாது.

சும்மா என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சும்மா இருப்பது பெரிய நிலை என்று கேட்டு வளர்ந்தவள் நான். கையை வேலைக்குக் கொடுத்துவிட்டு மனம் சும்மா இருக்கிறது என்ற நினைப்பில்தான் அப்படிச் சொன்னேன். அவர் காதில் அது கூலியில்லாமல் என்று விழுந்தது. அவர் புரிந்துகொண்டதுதான் சரியான அர்த்தமோ என்னவோ.

வைகாசி 11 அன்று வடலூர் போனேன். 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய நாள் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யார், என்ன வேலை செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு வயதான பெண் அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசியை ஆற்றுவதைத்தான் வள்ளலார் தன் சன்மார்க்க நெறிக்கு அடிப்படையாக வைத்தார். நான் மூன்று வேளை சாப்பாட்டை உறுதி செய்துகொண்டு அமைதி தேடி வந்திருக்கிறேன். சோறு தொண்டையில் நின்றது. ஆனாலும் மறுநாள் விடிகாலை திரும்ப அதே வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சென்னைக்கு வந்தபின் பள்ளி திறக்கும்வரை மூன்று வீடுகளில் மாடித் தோட்டம் பார்த்தேன். தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து பை நிரப்புவது, பச்சை வலை கட்டுவது, செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பது. ஒரு முறை போய்வர 500 ரூபாய். கேட்டார்கள், சொன்னேன், கொடுத்தார்கள். வாங்க எனக்குக் கூச்சமாக இல்லை. அதுவும் மண்தான், அங்கேயும் மனம் அடங்கத்தான் செய்தது. அப்படியானால் அந்த நிலத்தில் மட்டும் காசு வாங்காததை ஏன் தொண்டு என்று நினைத்தேன்? வாங்கியிருந்தால் மட்டும் அந்த அக்காவுக்கு வேலை இருந்திருக்குமா? ஒருவேளை இருந்திருக்கும். எனக்கும் 250 கொடுக்க வேண்டுமென்றால், கோரையைக் கிழங்கோடு எடுக்கத் தெரிந்தவரைத்தானே நிலத்துக்காரர் கூப்பிட்டிருப்பார்.

போன வாரம் நிலத்துக்காரரிடமிருந்து வாட்ஸ்அப். "சித்திரைப் பட்டம் விதைச்சாச்சு டீச்சர். வர்றீங்களா?" வருகிறேன் என்று அடித்து, அழித்தேன். பிறகு, "போன தடவை களைக்கு வந்த அக்கா இந்த வருஷம் வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"எந்த அக்கா?"

பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான். வலது கையில் பச்சை குத்தியிருக்கும், பித்தளைத் தூக்குவாளி கொண்டுவருவார், என் வரிசைக்குப் பின்னால் வருவார் என்று எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.