சூப்பர் மார்க்கெட்டுக்கு மேலே ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கம்

ஸ்கார்பரோவில் நான் தங்கியிருந்த வீட்டு அண்ணனிடம், டொராண்டோவின் பழைய ஐஸ் ஹாக்கி அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அது இப்போது மளிகைக் கடை, தம்பி. மரக்கறி வாங்க அவ்வளவு தூரம் போவானேன்?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் டொராண்டோவுக்கு வந்தவர். அந்நாளில் பல தமிழர்களைப் போல செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒன்றில் குடியிருந்தவர். அங்கிருந்து கார்டன்ஸ் நடக்கிற தூரம்தான். இரவு வேலைக்குப் போகும்போதெல்லாம் அதன் வாசல் விளக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டே போவாராம். உள்ளே ஒருநாளும் போனதில்லை. டிக்கெட் விலைக்கு ஊரில் ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கடந்துவிடுவாராம். என்னுடன் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, புளூர்-யங்கில் மாறி, காலேஜ் நிலையத்தில் இறங்கினோம். மேலே வந்து கார்ல்டன் தெருவில் கிழக்கே சிறிது நடந்தால் சர்ச் தெரு முனை. அங்கே மஞ்சள் செங்கல்லில் ஒரு பெரும் பெட்டி, அதன் தலையில் கவிழ்ந்த வெண்ணிறக் குவிமாடம். அழகான கட்டடம் என்று மனமறிந்து சொல்ல முடியாது. அலங்காரத்தில் காசை வீணாக்காதவர்கள் கட்டியது என்பது பார்த்ததும் தெரியும். அந்தக் கஞ்சத்தனமே பிறகு அதற்கு ஒரு மிடுக்கைத் தந்துவிட்டது.

இந்த அரங்கத்தைக் கட்டியவர் கான் ஸ்மைத். மணலும் ஜல்லியும் விற்றவர். 1927-இல் டொராண்டோவின் ஐஸ் ஹாக்கி அணியை ஒரு கூட்டாளிக் குழுவுடன் வாங்கி, அதற்கு மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் மாற்றியவர். சூதாட்டத் துணிச்சலுக்குப் பெயர் போனவர். 1930-இல் ரேர் ஜுவல் என்ற தன் குதிரை, ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத பந்தயத்தில் ஜெயித்தபோது, அந்தப் பணத்தையும் சேர்த்துப் போட்டு ஒட்டாவாவிலிருந்து கிங் கிளான்சி என்ற ஆட்டக்காரரை வாங்கினார். 35,000 டாலரும் இரண்டு ஆட்டக்காரர்களும் விலை. அன்றைக்கு அது கேட்டவர்களை வாய்பிளக்க வைத்த தொகை. நல்ல அணி கிடைத்துவிட்டது; ஆடுவதற்கு இருந்த மியூச்சுவல் தெரு அரங்கம் போதவில்லை. கோட்டும் டையும் அணிந்த கனவான்களும் அவர்கள் மனைவியரும் நாடகத்துக்கு வருவதுபோல ஹாக்கிக்கு வர வேண்டும் என்பது ஸ்மைத்தின் ஆசை. அவர்கள்தாம் அதிக விலை டிக்கெட் வாங்குவார்கள்.

இடத்தைக் கொடுத்தது ஈட்டன்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம். விலை 3.5 லட்சம் டாலர். 1930-இல்தான் பக்கத்தில் காலேஜ் தெருவில் தன் புதிய பெரிய கடையை அது திறந்திருந்தது. ஹாக்கி பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் வந்தால் கடைக்கு நல்லதா, அடிதடிக் கூட்டம் வந்து சேருமா என்று அவர்கள் யோசித்துத்தான் விற்றார்கள். ஆகவே இந்த மண்ணில் வியாபாரக் கணக்கு அஸ்திவாரத்துக்கும் முந்தியது. "கோயில் போன்ற அரங்கத்தைக் கடையாக்கிவிட்டார்களே" என்று இன்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை.

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1931-இல், பதினைந்து லட்சம் டாலர் செலவில் ஓர் அரங்கம் கட்டுவது என்றால் வங்கிகள் கதவைச் சாத்தத்தானே செய்யும்? பணம் பல லட்சம் குறைந்தது. அப்போது ஸ்மைத்தின் உதவியாளர் ஃபிராங்க் செல்கி ஒரு வழி கண்டார். அவர் மின்பணியாளர் சங்கத்திலிருந்து வந்தவர். தொழிற்சங்கங்களிடம் பேசி, கட்டடத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கை ரொக்கமாக வாங்காமல் கார்டன்ஸின் பங்குகளாக வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தார். ஊர் முழுக்க வேலையில்லாத காலம். ஐந்தில் நான்கு பங்கு ரொக்கமாவது கையில் கிடைக்கிறதே என்று அவர்களும் சம்மதித்தார்கள். அதைக் காட்டி வங்கியை வழிக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஏற்பாட்டை ஒற்றுமையின் வீரக்கதையாகவே கனடாவில் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி வீரம், பாதி வேறு வழியின்மை என்றுதான் படுகிறது. பசித்த வீட்டில் பங்குப் பத்திரத்தை அடுப்பில் ஏற்ற முடியாது.

ஜூன் 1-ஆம் தேதி மண் வெட்டத் தொடங்கி, நவம்பர் 12-ஆம் தேதி ஆட்டமே நடத்திவிட்டார்கள். ஐந்தரை மாதத்துக்குள் முடிந்த வேலை. உள்ளே பார்வையை மறைக்க ஒரு தூண்கூட இல்லாமல் குவிமாடத்தின் எஃகுச் சட்டங்களே கூரையைத் தாங்குகின்றன. திறப்பு நாளில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். 48-ஆவது ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் வாத்தியக் குழு முழங்கியிருக்கிறது. எல்லாம் சரி, ஆட்டத்தில் சிகாகோவிடம் 2-1 என்று தோற்றுப்போனார்கள். அரங்கத்தின் முதல் கோலை அடித்ததும் சிகாகோக்காரர்தான், மஷ் மார்ச். ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில், 1932-இல், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை டொராண்டோவுக்கே வந்தது.

கார்டன்ஸை டொராண்டோவுக்கு அப்பாலும் கொண்டுபோனது வானொலி. ஃபாஸ்டர் ஹெவிட் என்ற வர்ணனையாளர் எந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்டம் தெளிவாகத் தெரியும் என்று சோதிக்க, ஈட்டன்ஸ் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறி ஜன்னல் வழியே தெருவில் நடப்பவர்களைப் பார்த்தாராம். ஐந்தாம் மாடி சரியென்று பட்டது. அதன்படி ஐஸ் தரைக்கு 56 அடி மேலே, கூரையிலிருந்து தொங்கும் ஒரு கூண்டு செய்து கொடுத்தார்கள். கோண்டோலா என்று பெயர். சனிக்கிழமை இரவுகளில் அங்கிருந்து அவர் பேசியது, கோதுமை வயல்களுக்கு நடுவே தனித்துக் கிடந்த பண்ணை வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது. கார்டன்ஸை ஒருமுறைகூடப் பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த அரங்கம் மனப்பாடமாக இருந்தது. எங்கள் தலைமுறைக்குக் கிரிக்கெட் வர்ணனை கேட்டே ஈடன் கார்டன்ஸ் தெரிந்ததை நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட கோண்டோலாவை 1979-இல் பிடுங்கி, குப்பை எரிக்கும் உலைக்கு அனுப்பிவிட்டார்கள். பணக்காரர்களுக்கான தனி அறைகள் கட்ட இடம் வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் ஹெரால்ட் பல்லார்ட். இந்தக் கட்டடத்தின் கதையில் வில்லன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இவரைத்தான் சொல்வார்கள். 1961-இல் ஸ்மைத்திடமிருந்து அரங்கத்தை வாங்கியவர்கள் மூவர்: ஸ்மைத்தின் மகன் ஸ்டாஃபோர்ட், பல்லார்ட், ஜான் பாசெட். பின்னாளில் பல்லார்டின் கை ஓங்கியது. கூடுதல் இருக்கைகளுக்காக இரண்டாம் எலிசபெத் அரசியின் பெரிய ஓவியத்தையே சுவரிலிருந்து இறக்கியவர். கார்டன்ஸ் பணத்தைக் கையாண்டதில் மோசடிக் குற்றச்சாட்டு நிரூபணமாகி 1972-இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வெளியே வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். 1990-இல் இறக்கும்வரை அவரே முதலாளி. அரங்கத்துக்குள்ளேயே குடியிருக்க ஒரு வீடும் வைத்திருந்தார். அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967-இல். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

ஐஸ் ஹாக்கி இல்லாத இரவுகளில் இங்கே நடக்காத கூத்தில்லை. ஐஸை மூடிப் பலகை அடுக்கினால் குத்துச்சண்டை மேடை, சர்க்கஸ், இசைக் கச்சேரி, அரசியல் கூட்டம், எது வேண்டுமானாலும். 1932-இல் சர்ச்சில் வந்து பேசினார். 1957-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். அமெரிக்காவுக்கு வெளியே அவர் பாடியதே அபூர்வம். பீட்டில்ஸ் 1964, 1965, 1966 என்று மூன்று ஆண்டுகளும் வந்தார்கள். கோடை வெக்கையில் பல்லார்ட் குடிநீர்க் குழாய்களை அடைத்து, வெப்பத்தை ஏற்றிவிட்டு, குளிர்பானம் விற்றார் என்ற கதையை டொராண்டோக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, அவருக்குப் பொருந்துகிறது.

கூடைப்பந்து ரசிகர்களுக்கும் இது யாத்திரைத் தலம்தான். இன்று என்.பி.ஏ. என்று உலகம் அறிந்த அமைப்பு, தன் முதல் ஆட்டமாகக் கணக்கில் வைத்திருப்பது 1946 நவம்பர் 1 அன்று இங்கே நடந்ததைத்தான். நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் 68-66 என்று டொராண்டோ ஹஸ்கீஸை வென்றது. கூட்டம் சேர்ப்பதற்காக, ஹஸ்கீஸின் மிக உயரமான ஆட்டக்காரரைவிட உயரமாக இருப்பவர்களுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். அவர் உயரம் ஆறடி எட்டு அங்குலம்.

முகமது அலி வந்த கதை தனி. வியட்நாம் போரைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தபோது, 1966 மார்ச் 29 அன்று ஜார்ஜ் சுவாலோவுடன் மோத இடம் கொடுத்தது கார்டன்ஸ். சுவாலோ டொராண்டோக்காரர். பதினைந்து சுற்றும் அடிவாங்கியும் தரையில் விழவில்லை. புள்ளிக் கணக்கில் அலி வென்றார். இந்தப் போட்டியை அனுமதித்ததை எதிர்த்து, இரண்டு உலகப் போர்களையும் கண்ட முன்னாள் ராணுவத்தானான கான் ஸ்மைத் இயக்குநர் பதவியை உதறினார். வருமானத்துக்காகக் கட்டிய அரங்கம், வருமானம் தருகிறது என்பதற்காகவே தன்னைக் கட்டியவரை வெளியே அனுப்பியது. அதே பேராசை அலிக்கு நிற்க ஓர் இடமும் கொடுத்தது. எதைப் பழிப்பது, எதைப் புகழ்வது?

பழித்தே ஆக வேண்டியதும் ஒன்று உண்டு. அரங்க ஊழியர்கள் சிலர் சிறுவர்களுக்கு டிக்கெட்டும் ஹாக்கி மட்டையும் ஆசைகாட்டி, ஆண்டுக்கணக்கில் பாலியல் கொடுமை செய்துவந்தது 1997-இல் வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலர். பழம்பெருமை பேசும் பலகைகள் நிறைந்த கட்டடத்தில் அதை நினைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

1999 பிப்ரவரி 13 அன்று மேப்பிள் லீஃப்ஸ் இங்கே கடைசியாக ஆடியது. எதிரணி அதே சிகாகோ. முடிவும் அதே, 6-2 என்று தோல்வி. ஒரு வாரத்தில் அணி ஏரிக்கரைப் பக்கம் புதிய அரங்கத்துக்குப் போய்விட்டது. பழையதை என்ன செய்வது? ஹாக்கி அரங்கமாகவே நடத்துகிறோம் என்று கேட்டு வந்தவர்களுக்கு உரிமையாளர்கள் விற்க மறுத்தார்கள். புதிய அரங்கத்துக்குப் போட்டியாகிவிடுமே! 2004-இல் லாப்லாஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஏறத்தாழ 1.2 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியும் ஆண்டுகள் பல கட்டடம் இருண்டே கிடந்தது. பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களின் விளையாட்டுக்கு இடம் தேவைப்பட்டது. மாணவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தச் சம்மதித்து வாக்களித்தார்கள். மத்திய அரசு இரண்டு கோடி டாலர் தந்தது. வெளிச்சுவர்களையும் கூரையையும் நிறுத்திவைத்து, உள்ளே இருந்ததைக் குடைந்தெடுத்துப் புதிய தளங்கள் போட்டார்கள். கடை 2011 இறுதியில் திறந்தது. மேலே அரங்கம் அடுத்த ஆண்டு.

கடைக்குள் நுழைந்ததும் பழைய இருக்கைகளைக் கொண்டு செய்த ஒரு பெரிய நீல மேப்பிள் இலை சுவரில் தெரிகிறது. சீஸ் கட்டிகள் கூரையளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் தேடிவந்தது வேறு: 25 என்று எண்ணிட்ட வரிசையின் அருகே தரையில் ஒரு சிவப்பு வட்டம். பழைய ஐஸ் தரையின் நடுப்புள்ளி அது. தள்ளுவண்டிகள் அதன்மேல் உருண்டுபோய்க்கொண்டிருந்தன. அண்ணன் அதன்மேல் ஏறி நின்று, "முப்பது வருஷத்துக்குப் பிறகு இலவசமாக உள்ளே வந்துவிட்டேன்" என்றார். படம் எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு, வெண்டைக்காய் விலை ஸ்கார்பரோவை விட அதிகம் என்றும் கண்டுபிடித்துவிட்டார்.

மேலே போக கார்ல்டன் தெரு வாசல். மேட்டமி அத்லெட்டிக் சென்டர் என்று இப்போது பெயர். மூன்றாம் மாடியில் அரங்கத்துக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அண்ணாந்து பார்த்தால் 1931-இல் ஏற்றிய அதே எஃகுச் சட்டங்கள். ஐஸ் தரை கீழே இருந்த நாளில் தலைக்கு வெகு உயரத்தில் இருந்த கூரை இப்போது கிட்டத்தில், தொட்டுவிடலாம் போல. இருக்கைகள் மூவாயிரத்துக்கும் குறைவு. பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் ஜம்போனி வண்டி வந்து, கீறல் விழுந்த ஐஸை மெல்லச் சீவி, கழுவி, மேலே வெந்நீர் பரப்பிவிட்டுப் போயிற்று. தண்ணீர் சூடாக இருந்தால்தான் மேல் அடுக்கு இளகிப் புதிய நீரோடு நன்றாகப் பிணையும். ஐஸ் மொத்தமே சில சென்டிமீட்டர்தான். அடியில் கான்கிரீட்டுக்குள் குழாய்களில் உறைகுளிர்த் திரவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் கீழே, வெண்டைக்காய்.

2024 ஜனவரி 1 அன்று பெண்களுக்கான புதிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகின் முதல் ஆட்டமும் இந்த மூன்றாம் மாடியில்தான் நடந்தது. நியூயார்க் 4-0 என்று டொராண்டோவை வென்றது. முதல் ஆட்டத்தில் சொந்த ஊர் அணி தோற்பது இந்த முகவரியின் வழக்கம் போலும். டிக்கெட் கேட்டு வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல், அடுத்த பருவத்தில் அந்த அணி பெரிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

போகிறவர்களுக்கு: கடைக்குள் எப்போதும் போகலாம், மேலே போக ஆட்ட நாள் பார்த்துப் போங்கள். வெளியே வெயில் அடித்தாலும் கம்பளிச் சட்டை அவசியம். நேரம் மிச்சமிருந்தால் அதே ரயில் பாதையில் தெற்கே போய், யங் தெருவும் ஃபிரன்ட் தெருவும் சந்திக்கும் முனையில் ஐஸ் ஹாக்கி நாயகர்களுக்கான காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அது ஒரு பழைய வங்கிக் கட்டடம். 1892-இல் வாங்கிய அசல் ஸ்டான்லி கோப்பைக் கிண்ணத்தை, வங்கியின் பெட்டக அறையிலேயே வைத்திருக்கிறார்கள்.