தறி வீட்டில் 50 எம்எம்

கல்யாண போட்டோ வேலைக்கு வந்த புதிதில், ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் பேச்சைக் கேட்டு 50 எம்எம் லென்ஸ் வாங்கினேன். "கண்ணு பாக்கற மாதிரியே இருக்கும் தம்பி" என்றார். அவர் பிலிம் காலத்து ஆள். அவர் கேமராவில் அது சரிதான். என்னிடம் இருந்தது நிகான் கிராப் பாடி, அதாவது உள்ளே படம் பதியும் சென்சார் சிறியதாக இருக்கும் கேமரா.

முதல் வேலை சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. அறையில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதி இடத்தில் பெண்ணை மணையில் உட்காரவைத்து நலங்கு வைத்தார்கள். பாட்டி சந்தனம் குழைத்துப் பேத்தியின் கன்னத்தில் தடவுகிறார், கை லேசாக நடுங்குகிறது. இரண்டு பக்கமும் அத்தைமார்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து என் முதுகு சுவரில் முட்டியது. அப்போதும் பாட்டியும் பேத்தியும் மட்டும்தான் படத்துக்குள் அடங்கினார்கள். ஆல்பம் கொடுத்த அன்று ஓர் அத்தை கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

லென்ஸில் குறை இல்லை. கிராப் சென்சார் சிறியது. லென்ஸ் காட்டுவதில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். எம்எம் கூடினால் லென்ஸ் பார்க்கும் அகலம் குறையும். கிராப் பாடியில் எம்எம் கூடியது போலிருக்கும், நிகானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6. அதனால் 50 எம்எம் என் பாடியில் 75 போலப் பார்த்தது. 10 அடி தள்ளி நின்றால் பிலிம் கேமராவில் 7 அடி அகலம் விழும். எனக்கு 5 அடிகூட விழவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு, கேமராவோடு வந்த ஜூம் லென்ஸான கிட் லென்ஸையே எடுத்துப் போனேன். 18 எம்எம்மில் வைத்தால் அறை முழுக்க அடங்கியது, ஆனால் ஓரத்தில் நின்றவர்கள் இழுபட்டுத் தெரிந்தார்கள். டியூப் லைட் வெளிச்சமும் போதவில்லை. அப்புறம் ஒரு வாரம் அதே லென்ஸை 35-ல் டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே எடுத்துப் பழகினேன். 10 அடியில் ஆறரை அடி அகலம் கிடைத்தது. நம் வீடுகளுக்கு அந்த அளவு போதும். பிறகுதான் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸ் 35-ல் விடுவதைப் போல 6 மடங்கு வெளிச்சம் விடும். பிளாஷ் அடித்து யாரையும் திடுக்கிட வைக்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே நின்று எடுக்கப் போகிறாய் என்றுதான். லென்ஸ் விலையெல்லாம் அப்புறம்.

50-ஐ விற்கவில்லை. ஏற்காட்டில் அவுட்டோர் என்றால் அதுதான். பகோடா பாயிண்டில் பின்னால் நகர இடம் இருக்கிறது. பனி மூடிய காலையில் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். ஏசி காரில் மலை ஏறினால் இறங்கியதும் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும், கொஞ்ச நேரம் பையைத் திறக்காமல் விட வேண்டும்.

போன மாதம் அதே அம்மாபேட்டைத் தெருவில் இன்னொரு நலங்கு. 35-ஐ மாட்டிக்கொண்டு போனேன். முதலில் அத்தைமார்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.